காலம் சொல்லாத காத்திருப்பு

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. பகலெல்லாம் விடாமல் கொட்டிய மழையும் அடையாற்று வெள்ளமும் சேர்ந்து ஓடுபாதையைத் தண்ணீரில் ஆழ்த்திவிட்டன. பயணிகள் விமானங்கள் அங்கிருந்து மீண்டும் பறக்கத் தொடங்கியது 6ஆம் தேதிதான். இடைப்பட்ட நாட்களில் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து சில விமானங்களை இயக்கினார்கள். ஊருக்குள் இருந்தவர்கள் வெளியேற வழி தேடினார்கள். வெளியே இருந்த நாங்கள் உள்ளே வர வழி தேடினோம்.

நான் அப்போது சிங்கப்பூரில் இருந்தேன். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையில் நிறைய உண்டு. அப்படி ஒன்றில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் அலுவலகம் புதிய மென்பொருளுக்கு மாறியதால், அதைக் கற்றுக்கொண்டு வந்து எங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். குறுகிய பயணம். தீபாவளியையொட்டித் தொடங்கிய மழை நவம்பரில் சற்று ஓய்ந்திருந்த ஒரு நாளில் கிளம்பினேன். ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் அம்மா தனியாக இருந்தார். வேலை குறித்த நாளில் முடிந்தது. திரும்ப வேண்டிய நாள் டிசம்பர் 2.

தாமதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆறு கரை உடைத்தால் விமானம் பறக்காது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் என்னை வதைத்தது வேறு. எவ்வளவு நேரம், எதனால், அடுத்து என்ன என்கிற மூன்று கேள்விகளுக்கும் யாரிடமும் நேரான பதில் கிடைக்கவில்லை. காத்திருப்பவருக்கு முதலில் தரவேண்டியது என்ன என்று அன்றுமுதல் யோசித்து வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமது பழைய இலக்கியம் இந்தக் கேள்வியை ஆழமாகவே தொட்டிருக்கிறது. பொருள் தேடிப் பிரிவதும், பிரிந்தவருக்காகக் காத்திருப்பதும் அகப்பாடல்களின் பெரும்பகுதி. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்கள் பாலைக்கு உரியவை, பிரிவைப் பேசுபவை. முல்லைப் பாடல்கள் 40. முல்லையில் போகிறவன் திரும்பும் காலத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான்: கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று. அவள் பொறுத்திருப்பது அந்தச் சொல்லின் மேல்தான். மேகம் கூடிய பிறகும் தேர் வராதபோது அவள் கலங்குகிறாள், தோழி தேற்றுகிறாள். அந்தப் பாடல்களின் தவிப்பு முழுவதும் குறிக்கப்பட்ட ஒரு காலத்தைச் சுற்றியே நடக்கிறது. காலமே குறிக்கப்படாமல் போயிருந்தால் அங்கே பொறுமைக்கும் இடமில்லை, கலக்கத்துக்கும் அளவில்லை.

முல்லைப்பாட்டில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. 103 அடிகளே கொண்ட பாட்டு; பத்துப்பாட்டில் அதுதான் சிறியது. போருக்குப் போன அரசனுக்காக அரசி காத்திருக்கிறாள். முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அங்கே ஓர் இடைச்சிறுமி, தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். அந்தச் சொல்லை எடுத்துவந்து அரசியிடம் சேர்க்கிறார்கள். போர்ப் பாசறையிலோ நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையில் நேரம் அளந்து அரசனுக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முனையில் ஒரு சொல், அந்த முனையில் ஒரு கணக்கு. காத்திருக்கும் மனிதருக்கு இவை இரண்டும் வேண்டும் என்று நப்பூதனார் அறிந்திருந்தார்.

கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணுக்கு இடமில்லை என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு. என் தலைமுறையில் மடிக்கணினியோடு கடல் தாண்டிப் போகிறவள் நானாக இருந்தேன். வீட்டில் இருந்து காத்திருந்தவர் அம்மா. பாத்திரங்கள் மாறியிருந்தாலும் அந்தப் பாட்டின் நியாயம் மாறவில்லை. புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று நானும் காலம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் வசதிக்குக் குறைவில்லை. வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உண்டு, இலவசமாகப் படம் பார்க்கலாம், கால் நீட்டிப் படுக்க நாற்காலிகள் உண்டு. இவற்றில் எதுவும் அன்று எனக்குப் பயன்படவில்லை. அறிவிப்புப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக முதலில் ஒரு நேரம் இருந்தது. அது வருவதற்குச் சற்று முன் வேறொரு நேரமாக மாறியது. அதுவும் நெருங்கியபோது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தோம். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தோம். சென்னை ஓடுபாதையில் தண்ணீர் நிற்கும் படத்தை எல்லாருமே செல்பேசியில் பார்த்தாகிவிட்டது. பலகை மட்டும் விமானம் கிளம்பிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முகப்பில் இருந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் கனிவாகவே பேசினார். “இன்னும் அப்டேட் வரலக்கா. வந்ததும் உடனே சொல்றோம்.” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முடிவு எடுக்கிறவர்கள் எங்கோ இருந்தார்கள். எங்கள் கோபத்தையும் அழுகையையும் வாங்கிக்கொள்ள மட்டும் அவரை முன்னே நிறுத்தியிருந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊர். அந்த மழையில் கடலூர் மாவட்டம் சென்னைக்கு முன்பே மூழ்கியிருந்தது. நீண்ட நாள் கழித்துக் கிடைத்த விடுப்பு அவருக்கு. தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மதியம் தாண்டியபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: “ப்ளைட் இல்லைன்னு சொல்லிட்டா நான் இப்பவே திருச்சிக்கு மாத்திக்கிட்டுப் போயிடுவேங்க்கா. இருக்குன்னா ஒக்காந்திருப்பேன். ரெண்டுல எதையுமே சொல்ல மாட்டேங்கிறாங்களே. என் லீவுல்லக்கா போவுது.”

இந்தச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வாளரும் சொல்லிவிட முடியாது. திருச்சி விமான நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்கிற ஒரு சொல் காலையிலேயே கிடைத்திருந்தால் அவர் அன்று இரவு ஊர் சேர்ந்திருப்பார். தவறான நம்பிக்கை அவருடைய கையையும் காலையும் கட்டிப்போட்டது. எனக்கு அலுவலகம் கூடுதல் நாட்களுக்குச் சம்பளம் தரும், விடுதிக் கட்டணமும் தரும். அவருக்கு ஒவ்வொரு மணியும் அம்மாவோடும் தங்கையோடும் இருக்கவேண்டிய மணி. ஒரே பலகையின் முன் உட்கார்ந்திருந்தாலும் எல்லாரும் ஒரே அளவு இழப்பதில்லை. நேரத்தை விற்றே வாழ்கிறவரிடமிருந்து போகும் நேரம் திரும்பி வராது. மாலையில் விமானம் ரத்து என்று ஒருவழியாக அறிவித்தபோது கூட்டத்தில் ஓர் அமைதி வந்தது. கெட்ட செய்திதான். ஆனாலும் அது செய்தி. ஆளாளுக்கு எழுந்து அவரவர் வழியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மைத் துறை அறிஞர் 1985இல் வரிசையில் நிற்போரின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்ன நேரம் என்று தெரிந்த காத்திருப்பைவிடத் தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்பட்டதைவிடச் சொல்லப்படாதது நீளமாகத் தோன்றும். கவலை எந்தக் காத்திருப்பையும் நீட்டும் என்று அவர் வரிசைப்படுத்தினார். வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளரை இழக்காமல் இருப்பதற்காக எழுதப்பட்ட கட்டுரை அது. எனக்கு அது அறம் பற்றிய கட்டுரையாகவும் படுகிறது. ஒரு மனிதரின் நேரத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை என்ன செய்கிறார் என்று அவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரமே வந்திருக்கிறது. விமானத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. தன்னால் இயன்ற நியாயமான நடவடிக்கைகளை எல்லாம் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பு இல்லை என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. 2010 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் விதிகளும் இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு அளிக்கின்றன. விலக்கு நியாயம்தான். ஐரோப்பாவில் இன்னொரு படி ஏறினார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியையே பல நாட்கள் மூடவைத்தது. அதில் சிக்கிய ஒரு பயணி தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது: எரிமலை வெடித்தாலும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் தரும் கடமை நீங்காது. இயற்கை செய்ததற்கு நிறுவனம் பொறுப்பில்லை. தன்னை நம்பி நிற்பவரைப் பார்த்துக்கொள்வதற்குப் பொறுப்பு உண்டு. இந்த வேறுபாடுதான் முக்கியம். உண்மையைச் சொல்வதையும் இந்தக் கடமையில் சேர்க்கவேண்டும். அதற்குச் செலவும் இல்லை.

நம் நாட்டில் 2024 ஜனவரியில் தில்லிப் பனிமூட்டத்தில் விமானங்கள் மணிக்கணக்கில் நின்றன. அதன் பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தாமதம் பற்றிய சரியான தகவலை இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் பயணிகளுக்கு உடனுக்குடன் தரவேண்டும் என்றும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்றும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. துவாஸ் தம்பி கேட்டது இதைத்தான்.

ரத்து அறிவிப்புக்குப் பிறகு எனக்கு இன்னொரு காத்திருப்பு தொடங்கியது. அம்மாவின் செல்பேசி அணைந்து கிடந்தது. சென்னையில் மின்சாரம் இல்லை, கோபுரங்கள் செயலிழந்திருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி சொன்னது. அடையாற்றங்கரைப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின: ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சி முன்னால் முன்பின் தெரியாத நாங்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யார் எந்தப் பேட்டை என்று கேட்டுக்கொண்டோம். தி இந்து ஆங்கில நாளேடு 1878இல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அச்சாகவில்லை என்று தெரிந்தது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. பத்திரிகையே வெளிவர முடியாத ஊரிலிருந்து ஒரு தனி வீட்டின் செய்தி எப்படி வரும்?

ஆனால் வந்தது. மாடி வீட்டுப் பையன் எங்கேயோ மேம்பாலத்தில் ஏறி நின்று சிக்னல் பிடித்து அனுப்பியிருந்தான்: “பாட்டி எங்க வீட்ல மேல இருக்காங்க. நல்லாருக்காங்க. கீழ தண்ணி.” தேதியும் நேரமும் போட்டிருந்தான். நிலைமை இதற்குப் பிறகு மாறியிருக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நேரம்வரை இப்படி என்று சொன்னான். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனிடம் இருந்த அந்தப் பொறுப்பு அன்று பெரிய நிறுவனங்களிடம் இல்லை. முல்லைப்பாட்டின் முதிய பெண்கள் கொண்டுவந்து சேர்த்த சொல்லுக்கு இணையாகவே அதை நான் வைப்பேன்.

சென்னைக்குச் சீட்டு இல்லை என்பதால் பெங்களூருக்கு மாற்றி வாங்கினேன். அங்கிருந்து அரசுப் பேருந்து. ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பேருந்து நிறைய என்னைப் போலத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். சிலர் மடியில் பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் ரொட்டியும் மூட்டையாக இருந்தன. சீட்டு கொடுக்க வந்த நடத்துனரிடம் கோயம்பேடு போகுமா என்று கேட்டேன். “இப்ப சொல்ல முடியாதும்மா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோட்டுல தண்ணி நிக்குதுன்னாங்க. வேலூர் டிப்போல கேட்டுட்டு வந்து சொல்றேன். வண்டி போகலைன்னா காஞ்சிபுரத்துலயே உங்களுக்கு விவரம் சொல்லிடுவேன், அங்க தங்க எடம் கெடைக்கும்.” வேலூரில் இறங்கிப் போய்க் கேட்டார். திரும்பி வந்து பேருந்தின் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: பூந்தமல்லி வரை உறுதி, அதற்கு மேல் பார்த்துத்தான். அதன் பிறகு அந்த வண்டியில் யாரும் பதற்றப்படவில்லை. குழந்தைகள் தூங்கின. நானும் ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் முறையாக நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன்.

அவரிடம் எங்களைவிட அதிகமான உறுதி எதுவும் இல்லை. தெரிந்தது எது, தெரியாதது எது, எப்போது தெரியவரும், அதற்குள் நாங்கள் என்ன செய்யலாம் என்ற நான்கையும் பிரித்துச் சொன்னார். விமான நிறுவனத்தின் கணினிகளிடம் கிடைக்காத ஆறுதல் அவரிடம் கிடைத்தது இதனால்தான். வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனோடு பேசிக்கொண்டே வருவதாக முல்லைப் பாடல்கள் பல அமைந்திருக்கின்றன. வண்டியை நடத்துகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்த காலம் அது. இன்று நம் பயணங்களை நடத்துகிறவர்களுக்கு முகம் இல்லை. அந்த நடத்துனருக்கு இருந்தது.

வீடு சேர்ந்த பிறகு தெரிந்த ஒன்று என் சொந்தத் தவிப்பை மிகச் சிறியதாக்கிவிட்டது. அம்மாவையும் தெருக்காரர்களையும் எச்சரிக்க யாரும் வரவில்லை. நள்ளிரவு நெருங்கும்போது தண்ணீர் வாசலைத் தாண்டியதுதான் அவர்களுக்கு வந்த முதல் செய்தி. அடையாற்றங்கரை நெடுகப் பலரும் இதையே சொன்னார்கள். ஏரியைத் திறப்பது பற்றிய தகவல் அலுவலகங்களுக்கிடையில் போய்வந்திருக்கலாம். கரையில் குடிசை போட்டிருந்தவர்களிடம் அது உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி விமான ஓடுபாதையை நீட்டியது, நீர்வழிகளை அடைத்துக் கட்டடம் எழுப்பியது என்று காரணங்கள் பல. அவற்றை நிபுணர்கள் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய இன்னொரு காரணம்: உரிய நேரத்தில் சொல்லப்படாத சொல். விமான நிலையத்தில் அது ஒருவரின் விடுப்பைத் தின்றது. ஆற்றங்கரையில் உயிரைத் தின்றது.

மோசமான செய்தியைச் சொன்னால் மக்கள் கலவரப்படுவார்கள் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சாங்கியிலும் வேலூர்ப் பேருந்திலும் நான் கண்டது இதற்கு நேர்மாறானது. செய்தி இல்லாத கூட்டம்தான் கொந்தளிக்கிறது. செய்தி கிடைத்த கூட்டம் முடிவு எடுக்கிறது, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறது. தன் பகுதி மூழ்கப்போகிறது என்று மாலையிலேயே தெரிந்திருந்தால் ஜாபர்கான்பேட்டைத் தெருக்கள் தாங்களாகவே முதியவர்களை மாடியேற்றியிருக்கும். காசிமேடு முதல் கோவளம் வரையுள்ள மீனவர்கள் மறுநாள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே வந்திருப்பார்கள்.

ஆகவே பிறரைக் காத்திருக்க வைக்கும் இடத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், விமானத்தை இயக்குபவர்கள், அணையைத் திறப்பவர்கள், மருத்துவமனை வாசலில் உறவினர்களை உட்காரவைப்பவர்கள், கோப்பை மேசையில் வைத்திருப்பவர்கள் அனைவரிடமும், நான் கேட்டுக்கொள்வது இதுதான். தெரிந்ததை உடனே சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்பதையும், எப்போது தெரியும் என்பதையும் சொல்லுங்கள். அது கெட்ட செய்தியாக இருந்தாலும் எங்களால் தாங்கிக்கொள்ள முடியும்.